பைன் தரையும் ராகுகாலமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சிட்னியில் நம் லிட்கம் ரயில் நிலையத்தின் மீதும், நம் வீட்டுப் பின்பக்கத்தில் மூன்று குளிர்காலங்களைத் தாண்டி இன்னும் உயிரை விடாமல் நிற்கும் கறிவேப்பிலைத் தொட்டியின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாத முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். பிறந்ததிலிருந்தே உனக்கு என் பேச்சில் நம்பிக்கை கிடையாது. மூன்று வயதில், நிலாவுக்கு நான்தான் சுண்ணாம்பு அடித்தேன் என்று சொன்னபோது, "ஏணி எங்கப்பா?" என்று கேட்ட பெண் நீ. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னிலிருந்து போன் செய்து, "அப்பா, புது வீட்டுல கார்ப்பெட்டைக் கிழிச்சுப் பார்த்தோம், அடியில பைன் பலகை! நானும் கஜனும் நாங்களே சாயம் போட்டு வார்னிஷ் அடிக்கப் போறோம், ஹவ் ஹார்ட் கேன் இட் பி?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வியைக் கேட்டதும் என் முதுகெலும்பில் உள்ள அத்தனை கணுவும் எழுந்து நின்று கும்பிட்டன. ஏனென்றால் அதே கேள்வியை அதே இளிப்போடு நான் கேட்டது உன் கல்யாணப் பேச்சின்போதுதான். அதற்கு எனக்குக் கிடைத்த பதில் இன்னும் நம் ஹாலில் கிடக்கிறது.

அந்த நாட்களை நினைத்துப்பார். நீ மெல்போர்னில் வேலையில் இருந்தாய். கஜனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று எங்களிடம் சொல்லியாயிற்று. எங்களுக்குச் சம்மதம். பிளாக்டவுனில் தனியாக இருந்த கஜனின் அம்மாதான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் "பாப்பம், பாப்பம்" என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். அவர் யாழ்ப்பாணம், நாம் திருநெல்வேலி. ஒருவேளை ஊர்ப்பக்கத்துப் பெண்தான் வேண்டும் என்று நினைக்கிறாரோ என்று உன் அம்மா தினமும் ஒரு புதுக் கவலையை அரைத்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு வழியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாக ஒத்துக்கொண்டார். "வந்து பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்று கஜனிடம் சொன்னாராம். போனில் அதை எங்களிடம் நீ மூன்று தடவை சொன்னாய். நான் அப்போது ஜோக் அடித்துச் சமாளித்தேன். போனை வைத்ததும் ஹால் கார்ப்பெட்டைக் குனிந்து பார்த்தேன். நமக்கு முன்னால் இருந்தவர்களின் காப்பி, நமது சாம்பார், உன் பத்தாவது பிறந்தநாள் கேக், எல்லாம் சேர்ந்து அதில் உலகப் படமே வரைந்திருந்தன. ஒரு சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு ஓம் சொல்லக்கூடிய கார்ப்பெட் இல்லை அது.

கிழித்தேன். கிழிக்கக் கிழிக்க உள்ளே இன்னொரு கார்ப்பெட், அதற்கடியில் இன்னொன்று; ஏழாவது கார்ப்பெட்டின் அடியில் டைனோசர் எலும்பு இருந்தது, அம்மா அதை முருங்கைக்காய் என்று நினைத்துக் குழம்பில் போட்டுவிட்டாள். அதற்கும் கீழே, தங்கம் போலப் பைன் பலகை. இங்கே முதல் புத்திமதி: அவசரப்பட்டு மெஷினை எடுக்காதே. கார்ப்பெட்டைப் பிடித்துவைத்திருந்த பின்கள் பலகை முழுக்கக் குத்திக்கொண்டிருக்கும். முட்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கு. தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை உள்ளே இறக்கு. நான் ஒரே ஒரு ஆணியை விட்டுவிட்டேன். வாடகைக்கு எடுத்துவந்த தேய்ப்பு மெஷின் அந்த ஆணியில் மோதி, அதன் உப்புத்தாள் கிழிந்து, கோபம் கொண்டு, என்னைக் கைப்பிடியோடு இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆபர்ன் வரைக்கும் போய், அங்கே ஒரு கபாப் கடை வாசலில்தான் மூச்சு வாங்கியது. முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ். எப்போதும் மரத்தின் ரேகை ஓடும் திசையில். நான் கிளப்பிய தூசியில் தெருவில் இருந்த வெள்ளைக் கொக்கட்டூ பறவைகளெல்லாம் பழுப்பாகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர் காட்டுத்தீ என்று நினைத்துப் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் காரில் வைத்தார். ஆகவே கண்ணு, முகமூடி போட்டுக்கொள், கதவு இடுக்குகளில் துணி அடை, வேலை முடிந்ததும் ஈரத்துணியால் இரண்டு தடவை துடை. தரையில் தங்கும் ஒரு பொட்டுத் தூசி வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் அது உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். தேக்கு மாதிரி கெட்டியான மரத்துக்கு ரோஷம் உண்டு, ஊற்றுவதையெல்லாம் குடிக்காது. பைன் அப்படியில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, ஒரு இடத்தில் வயிறு முட்டக் குடிக்கும், பக்கத்திலேயே தொடாமல் விட்டுவிடும். சாயத்தை நேராகப் பூசினால் தேமல் விழுந்த முகம் போலத் திட்டுத்திட்டாக நிற்கும். அதனால் சாயத்துக்கு முன்னால் தண்ணீர் மாதிரி ஒரு திரவம் பூசுவார்கள். மரத்தின் தாகத்தை அது கொஞ்சம் தணித்துவைக்கும். அதை மறக்காதே. நிறம் பார்ப்பதற்கு முதலில் அலமாரிக்குள் யார் கண்ணும் படாத மூலையில் பூசிப் பார். இதெல்லாம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக ஸ்கேன் மெஷின்களைக் கட்டி மேய்த்தவனுக்கு ஒரு தரையைக் கட்டி மேய்க்கத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. விருந்துக்கு முந்தைய வாரம் சனிக்கிழமை, உன் அம்மா குறித்துக்கொடுத்த நல்ல நேரத்தில், சாமிக்குக் கற்பூரம் காட்டி, வாளிக்கு விபூதி பூசி, குசினிப் பக்கத்துச் சுவரிலிருந்து வாசலை நோக்கிச் சாயம் பூச ஆரம்பித்தேன். (பார்த்தாயா, சமையலறைக்குக் குசினி என்று எழுதுகிறேன். உன் மாமியாரின் உபயம்.) சாயம் பூசி, சற்று ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டே பின்னால் நகர வேண்டும். நான் நகர்ந்த அழகைப் பார்த்து ஜன்னலில் உட்கார்ந்திருந்த மேக்பை பறவை பாடுவதை நிறுத்திவிட்டுக் கைதட்டியது. ஹாலின் சரிபாதிக்கு வந்திருப்பேன். உன் அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாளோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒன்பதாச்சு. பிரஷ்ஷைக் கீழ வைங்க."

"எதுக்கு?"

"ராகுகாலம்."

"அம்மா தாயே, ஆரம்பிச்சது நல்ல நேரத்துலதானே? நடுவுல நிறுத்தினா ஓரம் காஞ்சு கோடு விழுந்துடும்."

"ஒவ்வொரு பலகையும் ஒரு ஆரம்பம்தான்."

"இந்தக் காலண்டர் மெட்ராஸ்ல அடிச்சது. ராகு இப்ப அங்க இருப்பாரு. அவரு இங்க வந்து சேரவே ராத்திரி ஆகும்."

"விசாவும் பிளைட்டும் உங்களுக்குத்தான். அவருக்கு எதுக்கு? பொண்ணு கல்யாணப் பேச்சுக்குப் போடற தரைங்க இது. எம் பொண்ணு விஷயத்துல நான் எந்த ரிஸ்க்கும் எடுக்க மாட்டேன். வைங்கன்னா வைங்க."

வைத்தேன். உலகத்தில் பெரிய பெரிய சாம்ராஜ்யங்கள் இப்படித்தான் சரிந்திருக்கின்றன. ராகுகாலம் முடியும்வரை எனக்குத் தோசை சுட்டுப் போட்டாள். நானும் துக்கத்தில் எண்ணாமல் சாப்பிட்டேன், நாற்பது இருக்கும். திரும்ப வந்து பிரஷ்ஷை எடுத்தபோது விட்ட இடத்தின் ஓரம் காய்ந்து முறுகியிருந்தது. அதன்மேல் புதுச் சாயம் ஏறியதும் அங்கே மட்டும் இரட்டை நிறம். ஹாலின் நட்டநடுவே, சுவரிலிருந்து சுவர்வரை, உள்ளங்கை அகலத்துக்கு, முதல் டிகாஷன் நிறத்தில் ஒரு கோடு. விண்வெளியில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, சிட்னியில் புதிதாக ஒரு நெடுஞ்சாலை போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்களாம். நியாயமாகப் பேசினால் ராகுவின் மேல் பாதிப் பழிதான். பலகையின் நீளத்தோடு இரண்டு மூன்று பலகைகளாக எடுத்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை முடித்துக்கொண்டே போயிருந்தால், எங்கே நிறுத்தினாலும் இரண்டு பலகைகளின் இணைப்பில் நின்றிருக்கும், யாருக்கும் தெரியாது. நான் அகலவாக்கில், எல்லாப் பலகைக்கும் குறுக்கே, ராஜா மாதிரி முன்னேறிக்கொண்டிருந்தேன். நீ நீளத்தோடு போ. யார் வந்து கூப்பிட்டாலும் பலகையின் முடிவில் எழுந்திரு, நடுவில் எழுந்திருக்காதே. சாயம் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதே, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். இதில் மட்டும் நான் விளையாடவில்லை. வெளியே கொடியில் பிரித்துக் காயப்போடு.

அந்த வாரம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, அதனால் சந்தோஷமாக எழுதுகிறேன். மேலே வார்னிஷ் இரண்டு கை, இரண்டும் மெல்லிய பூச்சாக, நடுவில் நைஸ் தாளால் தடவி, எல்லாம் சரியாகத்தான் போட்டேன். கோடு மறையவில்லை; கண்ணாடி போட்டுக்கொண்ட மாதிரி இன்னும் பளிச்சென்று ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் என் புத்தி கழன்றது. கோட்டின் நிறத்துக்கே அந்தப் பாதியையும் கொண்டுவந்துவிடலாம் என்று, நிறம் கலந்த வார்னிஷ் ஒரு டப்பா வாங்கிவந்து, கோட்டிலிருந்து வாசல்வரை, பாயசத்துக்கு நெய் விடுகிற தாராளத்தோடு ஊற்றிப் பரப்பினேன். ஜூலை மாதம், இங்கே நடுக்குளிர். அன்றைக்கென்று மழை, அடுத்த நாளும் மழை. சனிக்கிழமை சாயந்தரம் விரலை வைத்துப் பார்த்தால் இருட்டுக்கடை அல்வா. மின்விசிறி இரண்டு, ஹீட்டர் ஒன்று, உன் அம்மாவின் தலைமுடி உலர்த்தி ஒன்று, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துத் திருப்பிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அது கிண்டிக்கொண்டிருக்கும் பதத்திலேயே இருந்தது. தடிமனாக ஒரு கை போட்டால் மெல்லியதாக மூன்று கை போட்டதற்குச் சமம் என்று உனக்குத் தோன்றும் பார், அந்த நேரத்தில் எனக்குப் போன் பண்ணு.

திட்டம் ஒன்று வைத்திருந்தேன். காற்றுக்காக முன்கதவு திறந்தே இருக்கும். விருந்தாளிகள் பக்கவாட்டுச் சந்து வழியாக நேராகக் குசினிக்கு வர வேண்டும். இதை கஜனிடம் போனில் சொல்லி, அவன் அவனுடைய அம்மாவிடம் சொல்ல வேண்டும். உன் புருஷன் உன்னைக் கூட்டிவர ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற சந்தோஷத்தில் அதைச் சுத்தமாக மறந்தான். உன் விமானமோ மழையால் தாமதம். இவ்வளவுக்கும் மேலாக, சிட்னித் தமிழர் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒரு விருந்தாளி சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டார். இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. இளம்பச்சைப் புடவையில் ஓர் அம்மா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, மிதியடியில் நின்று, "ஆக்கள் இருக்கினமோ?" என்று குரல் கொடுத்தார்.

உன் அம்மா ஹாலின் அந்தக் கோடியில், குசினி வாசலில், கரண்டியோடு தோன்றினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால். இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் உன் வருங்காலம், நடுவில் அல்வாக் கடல். "நில்லுங்க, வராதீங்க" என்று கத்த வேண்டும். பெண்ணுக்குச் சம்பந்தம் பேச முதன்முறை வாசலுக்கு வந்தவரைப் பார்த்து எந்தத் தமிழ் வாயால் அதைச் சொல்ல முடியும்? உன் அம்மாவின் வாய் திறந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன், 'நி' என்ற எழுத்துக்குத்தான் திறந்தது. வெளியே வந்தது, "வாங்க வாங்க! உள்ள வாங்க!"

வலது காலை எடுத்து வைத்தார்.

சளக்கென்று ஒரு சத்தம். பிளாக்டவுன்வரை கேட்டிருக்கும்.

"ஐயோ, என்ன இது, கால் ஒட்டுது! நிலத்துக்குப் பசையோ பூசி வைச்சிருக்கிறியள்?"

"வார்னிஷ்ங்க, இன்னும் காயலை," என்றேன். "இழுக்காதீங்க, மெதுவா, மெதுவா எடுங்க."

எடுத்தார். பாதம் முழுதாக, ஐந்து விரலும் எண்ணும்படி, அச்சு விழுந்திருந்தது. அவர் மிதியடிக்குப் பின்வாங்கி, வாயைப் பொத்திக்கொண்டு, "புது நிலத்தைப் பழுதாக்கிப் போட்டனே" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, தேய்ச்சா போயிடும்" என்றேன். அப்போதுதான் அவர் கண் ஹாலின் நடுவே போனது. "அதென்ன கோடு?" வாய் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கா முடியும்? நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தது, ஒன்பது மணிக்கு ராகு வந்தது, பிரஷ் கீழே போனது, தோசை, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டி நாடகமாகவே நடித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பும் வடிந்துவிட்டது.

"இவ்வளவுக்கு நேரம், காலம் பாக்கிற வீடோ?" என்றார் மெதுவாக. "அப்ப நான் இந்தப் படியால முதல் வந்திருக்கக் கூடாது."

"ஏங்க அப்படிச் சொல்றீங்க?"

"கஜன்ர அப்பா கண்ணை மூடினதுக்குப் பிறகு நான் ஒரு நல்ல காரியத்திலயும் முன்னுக்கு நிக்கிறேல்லை. என்ர தங்கச்சியின்ர மகளின்ர கலியாணத்திலயே, அக்கா, நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ எண்டு சொன்னவை. சொந்தச் சனமே அப்பிடி. உங்கட ஆக்கள் இன்னும் கூடப் பாப்பினம் எண்டு கேள்விப்பட்டனான். என்ர பெடியன்ர கலியாணத்தில என்னை ஆரும் அப்பிடிச் சொன்னால் தாங்கேலாது. அதுதான் ஓமெண்டு சொல்லாமல் இழுத்துக்கொண்டு இருந்தனான். பிள்ளையில எனக்கு ஒரு குறையும் இல்லை." பிறகு, அழாமல் இருக்க இருமுகிற மாதிரி இருமிவிட்டு, "இண்டைக்கு முதல் காலும் என்ர காலாப் போச்சு. குறை நினையாதேங்கோ. நான் வந்து போனனான் எண்டு கஜனிட்டச் சொல்லுங்கோ" என்றார்.

பாப்பா, நிலாவுக்குச் சுண்ணாம்பு அடித்த உன் அப்பன் அந்த நேரத்தில் செய்தது இவ்வளவுதான்: உதவிக்கு உன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் இல்லை. கரண்டி மட்டும் அடுப்பு மேடையில் கிடக்கிறது. பக்கக் கதவு படீரென்று அறைந்தது. போச்சு, கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். வாசலில் அவர் செருப்பை மாட்டக் குனிந்துவிட்டார். நீ கஜனோடு காரில் வந்துகொண்டிருக்கிறாய். இங்கே உன் கல்யாணம் செருப்புப் போட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில் சந்து வழியாக, மழையில், குடையில்லாமல், பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் அம்மா ஓடிவந்தாள். வந்து அவர் கையைப் பிடித்தாள். மணி பன்னிரண்டைத் தாண்டி எமகண்டம் தொடங்கியிருந்தது; நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. "நீங்க எங்கயும் போகலை. வாங்கன்னு உங்களைக் கூப்பிட்டது நான்" என்றாள். "எம் பொண்ணுக்கு ரெண்டாவது அம்மா வலது காலை எடுத்து வெச்சு வந்திருக்கீங்க. பின்னால எங்க நிக்கப்போறீங்க? மேடையில என் பக்கத்துலதான் நிக்கப்போறீங்க." என்னைப் பார்த்து, "நீங்க தேய்க்கிறேன் கீய்க்கிறேன்னு அந்தப் பக்கம் போனீங்க, அவ்வளவுதான்" என்றாள். அவர் செருப்பு காலிலிருந்து மறுபடி கழன்றது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீயும் கஜனும் நனைந்துகொண்டு குசினிக்குள் நுழைந்தபோது, இரண்டு அம்மாக்களும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் ஆளுக்கொரு காலை விட்டு, உள்ளங்காலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து வார்னிஷை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "வாட் ஹேப்பன்ட்?" என்று நீ அலற, உன் மாமியார், "ஒண்டுமில்லைப் பிள்ளை, நாங்கள் நாள் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்றார். கஜன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அன்ரி, ரெண்டு காலடி இருக்கு. சாண்ட் பண்ணினா போயிடும், நான் செய்யவோ?" என்று கேட்டான். உன் அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை அடைத்துக்கொள்ளவே அன்றைக்கு அதிகமாக மூன்று வடை சாப்பிட்டான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். தரை நன்றாகக் காய்ந்து, கடைசிக் கை போட்டபின் ஒரு வாரமாவது சோபாவை ஏற்றாமல் பொறுத்திருந்து, பிறகு பால் காய்ச்சு. அன்றைக்கு உன் மாமியார் வருவார். வாசலில் வந்ததும் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி நிற்பார், போனில் பேசுகிற மாதிரி ஒதுங்குவார். எல்லாரும் முதலில் போகட்டும் என்றுதான். "நீங்க முதல்ல போங்க அன்ரி" என்று சபையில் சத்தமாகச் சொல்லிப் பெரிய மனுஷி ஆகிவிடாதே, அவர் கூசிப்போவார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கையைக் கோத்துக்கொள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் யார் முதல் என்று எந்தக் காலண்டராலும் கண்டுபிடிக்க முடியாது. நேரம் பார்க்காதே என்று நான் சொல்லமாட்டேன், உன் அம்மாவோடு நான் இன்னும் குடித்தனம் நடத்த வேண்டும். நேரத்தைப் பார். அதைவிட அதிகமாக வாசலில் யார் தயங்குகிறார்கள் என்று பார்.

இதில் கொக்கட்டூவைக் கழித்துக்கொள். ஆபர்னை, டைனோசரை, நாற்பது தோசையைக் கழித்துக்கொள், தோசை ஒன்பதுதான். பேசிய பேச்சுகளில் கூட நான் உப்பும் காரமும் சேர்த்திருப்பேன். ஆனால் ஒன்று. ஹாலில் இரண்டாவது காலடி எப்படி வந்தது என்று நீ கேட்டதற்கு, "பதட்டத்துல நானும் மிதிச்சுட்டேன்" என்று உன் அம்மா சொன்னாளே, அது பொய். அவர் செருப்பைக் கழற்றிய பிறகு, உன் அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து, இடம் பார்த்து, வலது காலை அந்த அச்சுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்து, முழு எடையையும் கொடுத்து அழுத்தினாள். அது மட்டும் நிஜம்.

அப்பா